ஊரே நமக்கு ஏடு
(மூன்றாம் ஆண்டு இளங்கலை வரலாறு மாணவி)

ஆராய்ச்சி என்ற சொல்லைக் கேட்டவுடன் நம் கண்முன் தோன்றுவது என்ன? வெள்ளை மேலங்கி, கண்ணாடிக் குழாய்கள், பூட்டிய அறை. கலைப்பாடம் பயிலும் நமக்கும் அதற்கும் தொடர்பே இல்லை என்றுதான் நம்மில் பலரும் எண்ணிக் கொண்டிருக்கிறோம். "பி.ஏ. படித்து என்ன ஆகப் போகிறது?" என்ற கேள்வி நம்மில் யாரையும் விட்டு வைத்ததில்லை. பேருந்தில் கேட்கிறார்கள், கல்யாண வீட்டுப் பந்தியில் கேட்கிறார்கள். பீடி சுற்றி என்னைப் படிக்க வைக்கும் என் தாயாரும் ஒரு நாள் கேட்டார். மற்றவர்கள் கேட்டபோது சிரித்து மழுப்பிவிடலாம். சுளகை மடியில் வைத்துக்கொண்டு, நிமிராமல், கை ஓயாமல் கேட்கும் தாய்க்கு அப்படி விடை சொல்ல முடியுமா? அன்று முதல் நான் தேடிய விடையைத்தான் இங்கே எழுத முற்படுகிறேன்.

தேடலை வெகு தூரத்தில் தொடங்க வேண்டியதில்லை. நம் சான்றிதழ்களில் அச்சாகும் பல்கலைக்கழகத்தின் பெயரிலிருந்தே தொடங்கலாம். 1990-ஆம் ஆண்டு நெல்லையில் தோன்றிய மனோன்மணியம் சுந்தரனார் பல்கலைக்கழகம் யார் பெயரைத் தாங்கி நிற்கிறது? 'மனோன்மணியம்' என்ற நாடகத்தை 1891-இல் வெளியிட்ட பெ. சுந்தரம் பிள்ளை என்று எல்லோரும் உடனே சொல்லிவிடுவோம். அதன் தமிழ்த் தெய்வ வணக்கத்தின் பகுதி 1970-இல் அரசு விழாக்களுக்குரிய வாழ்த்துப் பாடலாகவும், 2021-இல் மாநிலப் பாடலாகவும் ஆனதை அறியாதவர் இல்லை. ஆனால் அவர் திருவனந்தபுரம் மகாராசா கல்லூரியில் தத்துவம் கற்பித்த ஆசிரியர் என்பதும், வகுப்பறை வேலை முடிந்ததும் கோயில் கோயிலாகச் சென்று கல்வெட்டுகளைத் தேடிப் படித்தவர் என்பதும் நம்மில் எத்தனை பேருக்குத் தெரியும்? திருவிதாங்கூரின் பழைய மன்னர் சிலரைப் பற்றி 1894-இல் அவர் வெளியிட்ட ஆராய்ச்சி நூல் அந்தக் கற்களிலிருந்து பிறந்ததே. 1896-இல் அரசு அவருக்கு 'ராவ் பகதூர்' பட்டம் அளித்தது. மறு ஆண்டே, நாற்பத்திரண்டாம் வயதில், அவர் மறைந்தார். பட்டம் இன்று பலருக்கு நினைவில்லை. அவர் பாடலோ பள்ளிப் பிள்ளைகள் அனைவரின் நாவிலும் இருக்கிறது. ஆராய்ச்சி, பெருமை, மக்கள் தொடர்பு ஆகிய மூன்றும் ஒருவரிடத்தில் எப்படிக் கூடும் என்பதற்கு நம் பல்கலைக்கழகத்தின் பெயரே முதற்பாடம்.

இரண்டாம் பாடத்தை எனக்குக் கற்பித்தது தென்காசிக் கோயில். இரண்டாமாண்டில் எங்கள் வரலாற்றுப் பேராசிரியர் எங்களை அங்கே அழைத்துச் சென்றார். கோயிலை எழுப்பிய பராக்கிரம பாண்டியனின் கல்வெட்டுப் பாடலின் அச்சுப் பிரதி அவர் கையில் இருந்தது. பதினைந்தாம் நூற்றாண்டில், 1446-ஐ ஒட்டித் தொடங்கிய திருப்பணி அது. தன் வெற்றிகளையும் பட்டங்களையும் கல்லில் வெட்டி வைப்பது மன்னர் வழக்கம். இந்தப் பாண்டியனோ ஒரு வேண்டுகோளை வெட்டி வைத்தான். காலப்போக்கில் இக்கோயில் பழுதுபட்டால், அதைச் செப்பனிட்டுக் காப்பவர் யாராயினும் அவர் அடியில் தான் இன்றே வீழ்ந்து வணங்குவதாகச் சொல்லி வைத்தான்.

நாங்கள் வாசலுக்கு வந்ததும் அங்கே பூக்கட்டிக் கொண்டிருந்த ஆச்சி ஒருத்தி, "என்ன தாயி, எல்லாரும் தாளை வச்சுக்கிட்டுக் கல்லையே பாத்துட்டு வாரீக? அப்படி என்னதான் எழுதியிருக்கு?" என்று கேட்டாள். பேராசிரியர் என்னைப் பார்த்தார். நான் பொருளைச் சொன்னேன். ஆச்சியின் கை நின்றது.

"நான் சின்னப் பிள்ளையா இருக்கையிலே இது மொட்டைக் கோபுரந்தான் தாயி. பெறகுதான் ஊர் கூடிக் கட்டுனாக. அதுக்கு நானும் பத்து ரூவா குடுத்தேன். அப்போ அந்த ராசா எனக்கும் சேத்துத்தான் கும்பிடு போட்டிருக்காரா?"

"ஆமா ஆச்சி, உங்களுக்குந்தான்" என்றேன்.

அவள் கோபுரத்தை ஒரு முறை அண்ணாந்து பார்த்தாள். எதுவும் பேசவில்லை. முழம் போட்டிருந்த பூவில் ஒன்றை எடுத்து எனக்குக் கொடுத்தாள். காசு வாங்க மறுத்துவிட்டாள்.

1924-இல் இடி விழுந்து எரிந்த கோபுரம் அது. ஒன்பது நிலைகளோடு மறுபடி எழுந்து குடமுழுக்குக் கண்டது 1990-இல். இந்த ஆண்டுகளைத் தேர்வுக்காக நான் முன்பே மனப்பாடம் செய்திருந்தேன். ஆனால் ஓர் அரசனின் வணக்கம் ஐந்நூறு ஆண்டுகளுக்கு மேல் கல்லிலேயே காத்திருந்து, உரியவரிடம் சேரும் என்பது அன்றுதான் விளங்கிற்று. கல்லில் உள்ளதைப் படித்து அச்சிட்ட அறிஞர் ஒருவர், அதை வகுப்புக்குக் கொண்டு வந்த ஆசிரியர் ஒருவர், வாசலில் சொன்ன மாணவி ஒருத்தி என்று மூன்று கை மாறி அது வந்து சேர்ந்தது. நடுவில் ஒரு கை விடுபட்டிருந்தாலும் ஆச்சிக்கு உரியது ஆச்சிக்குக் கிட்டியிராது. மக்களுக்கு உரியதை மக்களிடம் சேர்ப்பதுதான் கலை ஆராய்ச்சியின் வேலை என்று நான் சொல்லத் துணிவது இதனால்தான்.

உரியதைச் சேர்ப்பது என்றால் இனிப்பானதை மட்டும் சேர்ப்பதன்று. பேராசிரியர் நா. வானமாமலை அவர்களின் வாழ்க்கை இதற்குச் சான்று. நாங்குநேரியில் 1917-இல் பிறந்து, பாளையங்கோட்டையில் தனிப்பயிற்சிக் கல்லூரி நடத்தி வாழ்ந்தவர் அவர். பல்கலைக்கழகப் பதவி எதுவும் கையில் இல்லாமலே 1967-இல் நெல்லை ஆய்வுக் குழுவைத் தொடங்கினார். 1969 முதல் 'ஆராய்ச்சி' என்ற இதழை நடத்தினார். ஏற்றம் இறைப்பவரும் நாற்று நடுபவரும் பாடிய பாடல்களைத் 'தமிழர் நாட்டுப் பாடல்கள்' என்று தொகுத்தார். கதைப்பாடல்களை அவர் பதிப்பிக்க, மதுரைப் பல்கலைக்கழகம் வெளியிட்டது.

அவற்றுள் ஒன்று 1971-இல் வந்த 'முத்துப்பட்டன் கதை'. பாபநாசம் மலையில் காரையாற்றின் கரையிலுள்ள சொரிமுத்து அய்யனார் கோயிலுக்கு ஆடி அமாவாசையன்று போனவர்கள், அங்கே பட்டவராயனுக்குச் செருப்புக் காணிக்கை செலுத்துவதைக் கண்டிருப்பார்கள். பிராமணனான முத்துப்பட்டன், செருப்புத் தைக்கும் வாலப்பகடையின் மகள்களான பொம்மக்காவையும் திம்மக்காவையும் மணந்து, அவர்கள் குலத்தொழிலையே தன் தொழிலாக ஏற்று, ஆநிரை கவர்ந்தவரோடு போரிட்டு மாண்டான் என்பது கதை. வில்லுப்பாட்டில் இதைக் கேட்டு நம் பாட்டிமார் கண்ணீர் விட்டிருக்கிறார்கள். ஆனால் சிலர் பாடும் கதையில், அப்பெண்கள் பிறப்பால் பிராமணப் பெண்களே என்றும், வாலப்பகடை அவர்களை எடுத்து வளர்த்தான் என்றும் ஒரு செய்தி வரும். சாதி மீறிய மணத்தைப் பொறுக்கமாட்டாதார் பிற்காலத்தில் செருகியது அது என்று நா. வா. காட்டினார். இந்த உண்மை சிலருக்குக் கசக்கும். ஆனால் பொம்மக்காவுக்கும் திம்மக்காவுக்கும் உரியதை அவர்களுக்கே திருப்பிக் கொடுத்தது அந்த ஆராய்ச்சி. நம் வில்லுப்பாட்டின் பெருமை பின்னர் கடல் கடந்தது. அமெரிக்க அறிஞர் ஸ்டூவர்ட் பிளாக்பர்ன் 1988-இல் அதைப் பற்றி ஒரு நூலே வெளியிட்டார். அயல்நாட்டார் எழுதிய பிறகுதான் நம் பொருளின் மதிப்பு நமக்குத் தெரிய வேண்டும் என்ற நிலை இல்லாதபடி, அதற்கு முன்பே நம்மவர் ஒருவர் பாளையங்கோட்டையில் உட்கார்ந்து அந்த வேலையைத் தொடங்கி வைத்திருந்தார் என்பதில் எனக்குத் தனி மகிழ்ச்சி.

இனிப் பெருமையைப் பற்றிச் சிறிது பார்ப்போம். குற்றாலத்தில் புலவனுக்குப் பரிசில் தந்த கதை பழையது. மேலகரத்துத் திரிகூடராசப்பக் கவிராயர் 'குற்றாலக் குறவஞ்சி'யைப் பாடியதற்காக, மதுரை நாயக்க மன்னர் முத்துவிசயரங்க சொக்கநாதர் 1718-இல் நிலம் வழங்கினார். அந்நிலத்திற்குக் குறவஞ்சிமேடு என்றே பெயர் ஆயிற்று. பாட்டின் பெயர் மண்ணின் பெயராகி விட்டது! பிற்காலத்தில் ரசிகமணி டி.கே.சி. அதே குற்றாலத்தில் வாழ்ந்தார். சட்டம் படித்தவர், கல்லூரி ஆசிரியர் அல்லர். எனினும் நெல்லையில் அவர் வீட்டுத் தொட்டிக்கட்டில் கூடிய 'வட்டத்தொட்டி'யில் பயின்ற பாடம் எந்தக் கல்லூரிக்கும் இளைத்ததன்று. கவிதையை இலக்கண விதிகளிலிருந்து மீட்டுச் சாதாரண மனிதரின் செவிக்கும் உள்ளத்திற்கும் கொண்டு சேர்த்தவர் அவர். அவரைச் சூழ்ந்திருந்தோருள் ஒருவரான பேராசிரியர் அ. சீனிவாசராகவன் தூத்துக்குடி வ. உ. சிதம்பரம் கல்லூரியின் முதல்வராக விளங்கியதோடு, 'வெள்ளைப் பறவை' என்ற கவிதை நூலுக்காக 1968-இல் சாகித்திய அகாதெமி விருதும் பெற்றார்.

நம் காலத்திற்கு வருவோம். சுந்தரனார் பல்கலைக்கழகத்தில் தமிழ்த்துறைத் தலைவராக இருந்தவர் தொ. பரமசிவன். அழகர் கோயிலைப் பற்றி அவர் செய்த முனைவர் பட்ட ஆய்வை 1989-இல் மதுரை காமராசர் பல்கலைக்கழகம் நூலாக்கியது. 'அறியப்படாத தமிழகம்' என்ற சிறு நூலில் உணவு, உப்பு, உடை என்று நாம் நாளும் தொட்டுப் புழங்கும் பொருள்களைப் பற்றி அவர் எழுதினார். ஆராய்ச்சி நூலைப் படிக்கிறோம் என்ற அச்சமே தோன்றாத தமிழ் அது. 2020 டிசம்பரில் அவர் மறைந்தபோது, அவர் வகுப்பில் அமராதவர்களும் தம் ஆசிரியரை இழந்ததாக வருந்தினார்கள். இதைவிடப் பெரிய பட்டம் ஓர் ஆசிரியருக்கு ஏது?

அதே பல்கலைக்கழகத்தில் சில காலம் பணியாற்றிய வரலாற்றாசிரியர் ஆ. இரா. வேங்கடாசலபதிக்கு 2024-ஆம் ஆண்டின் சாகித்திய அகாதெமி விருது கிடைத்தது. விருது பெற்ற நூலின் பொருள் 1908 மார்ச் 13-ஆம் நாள் நடந்த திருநெல்வேலி எழுச்சி. வ. உ. சி. சிறைப்பட்டார் என்று கேட்டு ஊரே திரண்டெழுந்த நாள் அது. துப்பாக்கிச் சூட்டில் நால்வர் மாண்டனர். தலைவரின் பெயரை நாடறியும். அவருக்காகத் தெருவில் இறங்கியவர்களைத் தேடிப் போவதற்கு ஒரு வரலாற்றாசிரியரின் பல்லாண்டு உழைப்பு வேண்டியிருந்தது.

கலைப்பாடத்திற்கு அப்பாலும் இதே முறை தழைத்து வருகிறது. தாமிரபரணிப் பாசனக் குளங்களில் 2011 முதல் நடந்துவரும் நீர்ப்பறவைக் கணக்கெடுப்பில் அறிவியல் அறிஞர்களோடு மாணவர்களும் ஊர்மக்களும் விடியற்காலையில் கரையில் நின்று எண்ணுகிறார்கள். நம் தென்காசி மாவட்டத்துத் திருமலாபுரத்தில் 2024-இல் மாநிலத் தொல்லியல் துறை அகழ்ந்தபோது, ஈமத்தாழிகளும் கற்பலகைகளால் அமைத்த ஈமச்சின்னமும் வெளிப்பட்டன. 2025-இல் கரிவலம்வந்தநல்லூரும் அகழாய்வுப் பட்டியலில் இடம்பெற்றது. நாம் மாடு மேய்த்த மேட்டில் வரலாறு புதைந்து கிடக்கிறது என்றால், "நமக்கு ஏது ஆராய்ச்சி?" என்று இனியும் கேட்கலாமா?

இவற்றையெல்லாம் எண்ணிப் பார்த்த பிறகே என் மூன்றாமாண்டு ஆய்வேட்டிற்கு எங்கள் தெருவின் பீடித் தொழிலாளப் பெண்களைத் தேர்ந்தேன். பீடி, சுருட்டுத் தொழிலாளர்க்கென 1966-இல் ஒரு சட்டம் வந்தது என்று நூலகத்தில் படித்தேன். அந்தச் சட்டம் எங்கள் தெருத் திண்ணைக்கு எப்படி வந்து சேர்ந்தது என்பதை எந்தப் புத்தகத்திலும் காணோம். முதலில் என் தாயாரிடமே குறிப்பேட்டை எடுத்துக்கொண்டு உட்கார்ந்தேன். "என் கதையிலே எழுதுறதுக்கு என்ன கெடக்கு?" என்று சிரித்தார். பிறகு பேசத் தொடங்கினார். எத்தனை வயதில் இலை வெட்டப் பழகினார், நாளொன்றுக்கு ஆயிரம் பீடி சுற்ற விரல் எப்படி வலித்தது, கழிவு என்று ஒதுக்கிய கட்டுகளுக்குக் கூலி இல்லாத நாளில் அடுப்பில் என்ன வெந்தது, யாருடைய பேச்சைக் கேட்டுப் பெண்கள் ஒன்றாகப் போய்க் கூலி உயர்வு கேட்டார்கள் என்று இரவு பதினொரு மணி வரை சொல்லிக் கொண்டே இருந்தார். எனக்கு இருபது வயது. அத்தனை ஆண்டும் ஒரே கூரையின் கீழ் வாழ்ந்தும் நான் கேட்டிராத வரலாறு அது. மறுநாள் பக்கத்து வீட்டு அத்தையிடம், "எங்க வீட்டுப் பிள்ளை எங்களைப் பத்தித்தான் எழுதுதா" என்று அவர் சொல்லிக் கொண்டிருந்தது காதில் விழுந்தது. அதன்பின், 'பி.ஏ. படித்து என்ன ஆகப் போகிறது' என்று அவர் கேட்கவில்லை. நான் மேற்கொண்டு முதுகலை படிக்கச் சேமிப்புச் சீட்டு ஒன்றில் சேர்ந்திருக்கிறார்.

எல்லோரும் பேராசிரியராக முடியாது என்பதை நான் அறிவேன். நம்மில் பலர் தேர்வெழுதி அலுவலகங்களுக்குச் செல்வோம். சிலர் கடை நடத்துவோம். சிலர் வெளிநாடு போவோம். வேலைக்கு வழி தேட வேண்டியது நம் கடமை; அதில் ஐயமில்லை. ஆனால் மூன்றாண்டு இக்கல்லூரியில் பயின்றதன் அடையாளமாக, ஒவ்வொருவரும் தம் ஊரைப் பற்றி ஒரு குறிப்பேடு எழுதி நூலகத்தில் வைத்துச் செல்லலாமே! வரலாற்று மாணவர் ஊர்ப்பெயரையும் நடுகல்லையும் எழுதலாம். தமிழ் மாணவர் தாலாட்டையும் ஒப்பாரியையும் தொகுக்கலாம். விலங்கியல் மாணவர் குளத்துப் பறவையையும், பொருளியல் மாணவர் சந்தை விலையையும் பதியலாம். பேராசிரியப் பெருமக்கள் வழிகாட்டினால், ஆண்டுக்கு ஒரு நாள் அவற்றை அந்தந்த ஊர்ச் சாவடியிலேயே படித்துக் காட்டலாம். பிழையிருந்தால் ஊராரே திருத்துவார்கள். அவர்களைவிடத் தேர்ந்த தேர்வாளர் வேறெங்கும் கிடைக்கமாட்டார்.

பட்டமளிப்பு விழாவில் கறுப்பு அங்கி அணிந்து நாம் பெறும் தாள் நம் பெயரைத் தாங்கியிருக்கும். நாம் எழுதி வைக்கும் குறிப்பேடு நம் ஊரின் பெயரைத் தாங்கியிருக்கட்டும்.