தொய்வு இருந்தாலும் நடக்கலாம்

"தொய்வுக்காரி ஓடியாடக் கூடாது" என்று எங்கள் ஊர்களில் ஒரு பேச்சு உண்டு. பாடசாலையில் விளையாட்டுப் போட்டி வந்தால் என்னை நிழலில் உட்கார வைத்துவிடுவார்கள். கலியாணம் முடித்த பிறகும் அந்தப் பேச்சு மாறவில்லை. "நீ இரி, நாங்க செய்யிறம்" என்பார் ராத்தா. அன்பால் சொன்னதுதான். ஆனால் இருந்து இருந்தே உடம்பு பெருத்தது. உடம்பு பெருக்கப் பெருக்க மூச்சும் கூடுதலாக முட்டியது.

2004 டிசம்பர் 26 காலை கடல் ஊருக்குள் வந்தபோது, நிழலில் இருந்தவளும் ஓடத்தான் வேண்டியிருந்தது. அம்பாறை மாவட்டத்தில் மட்டும் பத்தாயிரத்துக்கும் மேற்பட்டோரை அந்தக் கடல் கொண்டுபோனது. கைப்பிள்ளையோடு பிரதான வீதி வரை வந்த நான், அதற்கு மேல் முடியாமல் நெஞ்சடைத்து விழுந்தேன். முகம் தெரியாத ஒரு சகோதரி பிள்ளையை வாங்கிக்கொண்டு என்னையும் இழுத்துச் சென்றார். அதற்கு முன்னர் யுத்த காலத்திலும் இரவோடு இரவாக மூட்டை கட்டி ஓடியவர்கள் நாம். எம்மைப் போன்ற பெண்களுக்கு நடக்கவும் ஓடவும் முடிவது உயிரோடு சேர்ந்த விடயம்.

அகதி முகாமில் கூடாரத் தூசும் விறகுப் புகையும் சேர்ந்து முட்டு அடிக்கடி வந்தது. அப்போதெல்லாம் தந்த பிரட்னிசலோன் குளிசை முட்டைத் தணித்தாலும் பசியைக் கிளப்பிவிட்டது. சொந்த வீட்டுக்கு வந்தபோது என் நிறை 78 கிலோ, உயரமோ 150 சென்ரிமீற்றர்தான். ஆசியப் பெண்களின் கணக்கில் அந்த உயரத்துக்கு 52 கிலோ வரைதான் பொருத்தமான நிறை.

கிளினிக்கில் ஒரு டொக்டர் பொறுமையாக விளங்கப்படுத்தினார். வயிற்றில் சேர்ந்த கொழுப்பு மூச்சுத் தசையை மேலே தள்ளுவதால் நுரையீரல் முழுதாக விரிவதில்லை. நிறையில் நூற்றுக்கு ஐந்து முதல் பத்துப் பங்கு குறைந்தாலே மூச்சு இலேசாகும். எனக்கு அது நான்கு முதல் எட்டுக் கிலோ. 26 கிலோ என்று நினைத்து மலைத்திருந்த எனக்கு அது எட்டக்கூடிய தூரமாகத் தெரிந்தது.

நடந்தால் முட்டு வருமே என்று கேட்டேன். வேகமாக மூச்சு வாங்கும்போது மூச்சுக்குழாய் உலர்ந்து சுருங்குகிறது; அதனால்தான் முட்டு வருகிறது. அடிக்கடி அப்படி வந்தால் வருத்தம் கட்டுப்பாட்டில் இல்லை என்பதே அர்த்தம். வீக்கத்தைக் குறைக்கும் தடுப்புப் பம்பைத் தினமும் எடுத்து, எடுத்தபின் வாய் கொப்பளிக்க வேண்டும். நீலப் பம்ப் அந்த நேரத்து முட்டை மட்டும் தணிக்கும். வளர்ந்தவர்கள் நீலப் பம்பை மட்டும் நம்பியிருக்கக் கூடாது என்று 2019 முதல் சர்வதேச வழிகாட்டல்களும் கூறுகின்றன.

என் நடை இப்படித்தான் தொடங்கியது. டொக்டர் சொன்னபடி, நடைக்குப் பத்துப் பதினைந்து நிமிடங்களுக்கு முன் நீலப் பம்ப். பிறகு பத்து நிமிடம் மெதுநடை, பத்து நிமிடம் சற்று வேகமான நடை, கடைசியில் மீண்டும் மெதுநடை. சட்டென்று தொடங்கவும் கூடாது, சட்டென்று நிறுத்தவும் கூடாது. பேசிக்கொண்டு நடக்க முடிய வேண்டும், அதுவே அளவு. வாரத்துக்கு 150 நிமிடம் என்ற இலக்கை எட்ட எனக்கு நான்கு மாதம் பிடித்தது.

பெண்கள் எங்கே நடப்பது? ஊர் வாய் சும்மா இருக்காது. சுபஹ் தொழுதபின் பக்கத்து வீட்டு மச்சியும் சாச்சியும் சேர, மூவராக உள்வீதியில் நடந்தோம். மூவர் நடந்தால் பேச்சும் குறைகிறது, பயமும் குறைகிறது. வட்டையில் சூடடித்துத் தூசு பறக்கும் நாட்களிலும், வைக்கோல் எரிக்கும் நாட்களிலும், தடிமன் பிடித்த நாட்களிலும் வெளியே போவதில்லை. உடம்புக்கு இயன்றால் வீட்டு வளவுக்குள்ளேயே நடப்பேன். மருதமுனைப் பக்கம் தறியில் இருக்கும் சகோதரிகள் பஞ்சுத் தூசைத் தவிர்க்க வாய் மூக்கை மூடிக்கொண்டு வேலை செய்வது நல்லது.

சாப்பாட்டில் முதலில் குறைத்தது தேநீர்ச் சீனி. நாளைக்கு ஐந்து தேநீர், ஒவ்வொன்றிலும் இரண்டு கரண்டி என்றால் பத்துக் கரண்டி. அதைச் செலவழிக்க அரை மணித்தியாலத்துக்கு மேல் வேகமாக நடக்க வேண்டும். சோற்றில் ஒரு பங்கைக் குறைத்து, அந்த இடத்தில் கீரையும் மரக்கறியும் வைத்தேன். தேங்காய்ப் பாலையும் பொரியலையும் கிழமையில் இரண்டு நாளோடு நிறுத்தினேன். பத்து மாதத்தில் எட்டுக் கிலோ குறைந்தது.

நோன்பு வருமுன் கிளினிக்கில் பம்ப் நேரத்தைக் கேட்டுக்கொள்ளுங்கள். சஹருக்கும் இரவுக்கும் மாற்றித் தருவார்கள். நடையை நோன்பு திறந்தபின் வைத்துக்கொள்ளலாம். வருத்தம் கூடினால், நோயாளிக்கு மார்க்கம் தந்த சலுகை இருக்கிறது.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். வெடிச் சத்தத்தையும் கடலையும் கண்டு பயந்த நமக்கு, பயத்தாலும் நெஞ்சு இறுகும். விரல் நுனி விறைத்து, தலை சுற்றி, பம்ப் எடுத்தும் மாற்றம் தெரியாவிட்டால் அது பயத்தின் மூச்சாகவும் இருக்கலாம். எது என்று நாமே முடிவெடுக்காமல் டொக்டரிடம் சொல்வோம். ஒரு வசனத்தை முழுதாகப் பேச முடியாமல் மூச்சு இழுத்தால், உதடு நீலம் பாய்ந்தால், ஒரு நிமிடமும் தாமதிக்காமல் ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும்.

அமெரிக்காவின் ஜாக்கி ஜோய்னர் கேர்சி ஆஸ்துமாக்காரர். 1988 சியோல் ஒலிம்பிக்கில் ஏழு அம்சப் போட்டியில் அவர் பெற்ற 7291 புள்ளிகள் இன்னும் உலக சாதனையாக நிற்கின்றன. நமக்குப் பதக்கம் வேண்டாம். பிள்ளையைத் தூக்கிக்கொண்டு மாடிப்படி ஏறினால் போதும்.

சகோதரிகளே, அடுத்த கிளினிக் நாளில் இரண்டு கேள்வி கேளுங்கள்: "என் தடுப்புப் பம்ப் எது? நடக்குமுன் நான் என்ன எடுக்க வேண்டும்?" பதில் கிடைத்த மறுநாளே பக்கத்து வீட்டுக் கதவைத் தட்டி ஒரு துணையைச் சேர்த்துக்கொள்ளுங்கள். முதல் நாளைக்குப் பத்து நிமிடம் போதும்.