அடுப்பு நாளைக்கும் இங்கதான் கெடக்கும்

பின்கோடு வந்தது 1972-ல். அதற்கு அடுத்த வருஷம் நான் தபால் இலாகாவில் சேர்ந்தேன். 2011-ல் ஓய்வு பெற்றேன். இடையில் வந்த 38 டிசம்பர்களில் ஒன்றில்கூட எனக்குச் சேர்ந்தாற்போல மூன்று நாள் லீவு கிடைத்ததாக நினைவில்லை.

இப்போதைய பிள்ளைகளுக்கு அந்த டிசம்பரைச் சொன்னால் புரியாது. கிறிஸ்துமஸ், புத்தாண்டு, பொங்கல் என்று மூன்றுக்குமான வாழ்த்து அட்டைகள் ஒன்றன்மேல் ஒன்றாக வந்து விழும். உறையை ஒட்டாமல் மடித்து மட்டும் விட்டால் புக் போஸ்ட், குறைந்த தபால்தலை போதும். அதனால் எல்லோரும் அப்படியே அனுப்புவார்கள். பிரிக்கும் மேஜையில் அட்டைகள் உறையைவிட்டு நழுவி எந்த அட்டை எந்த உறையுடையது என்று தேட வேண்டியிருக்கும். வாழ்த்துத் தந்தி கொடுக்க வருகிறவர்கள் வேறு. அச்சிட்ட பட்டியலில் வாசகத்துக்கு ஒரு எண் இருக்கும், எண்ணை எழுதினால் போதும். ஆனாலும் கவுண்டரில் நின்றுகொண்டு, "இதுல எது நல்லாருக்கும், சொல்லுங்கம்மா" என்று கேட்பார்கள். வரிசை வாசல் வரைக்கும் நிற்கும். (2013 ஜூலையோடு தந்தியே போய்விட்டது. பட்டியலும் போயிற்று.)

இரவு ஏழரைக்கு வீடு வந்தால் இரண்டாவது வேலை. எங்கள் நாகர்கோவில் பக்கம் முந்திரிக்கொத்து இல்லாமல் கிறிஸ்துமஸ் கிடையாது. பெயரில்தான் முந்திரி, உள்ளே இருப்பது வறுத்து இடித்த சிறுபயறும் சர்க்கரைப்பாகும் தேங்காயும். பாகு பதம் தப்பினால் உருண்டை பிடிக்காது. அது ஆறினால் வேலைக்கு ஆகாது, சூட்டோடு உருட்ட வேண்டும், கை பழுத்துவிடும். அதற்கு அடுத்து அச்சுமுறுக்கு, அதிரசம். தீபாவளிக்கும் ரம்ஜானுக்கும் நமக்குத் தட்டு அனுப்பிய வீடுகளுக்கெல்லாம் நாமும் தட்டு அனுப்ப வேண்டுமே. இதற்கு நடுவில் சபையில் பாடகர் குழுப் பயிற்சி, பெண்கள் ஐக்கிய சங்கக் கூட்டம், ஞாயிறு பள்ளிப் பிள்ளைகளின் நாடகத்துக்கு ஆட்டிடையர் துணி தைப்பது, கேரல் ரவுண்ட்ஸ். கேரல் குழு நம் வீட்டுக்கு எப்போது வரும் என்று கேட்டால் "ஒரு ரெண்டு மணிக்கு" என்பார்கள். பகல் இரண்டு அல்ல. ராத்திரி இரண்டு மணிக்கு எழுந்து இருபது பேருக்குக் கட்டன் சாயா போட வேண்டும்.

இத்தனையிலும் நான் விழாமல் நின்றதற்குக் காரணம் என் மாமியார்.

அவர்கள் மூன்றாம் வகுப்பு வரைக்கும்தான் படித்தவர்கள். வேதாகமத்தை விரல் வைத்து எழுத்துக்கூட்டித்தான் வாசிப்பார்கள். நான் கல்யாணமாகி வந்த வருஷம், 1976, டிசம்பர் தொடக்கத்திலேயே இரண்டு சட்டம் சொன்னார்கள். பலகாரம் இரண்டு வகைதான், மூன்றாவது கிடையாது. 24-ம் தேதி மதியம் கஞ்சி, தேங்காய்த் துவையல், சுட்ட பப்படம். அதைக் குடித்துவிட்டு அடுப்பை அணைத்தால் மறுநாள் அதிகாலை ஆராதனை முடிந்து வரும்வரை அடுப்பில் புதிதாக ஒன்றும் ஏறாது. மத்தியானம் எல்லோரும் படுக்க வேண்டும். வீட்டில் ஆண்கள் படுக்கிறார்களோ இல்லையோ, பெண்கள் கட்டாயம் படுக்க வேண்டும்.

எனக்கு அது பிடிபடவில்லை. என் அம்மா வீட்டில் 24-ம் தேதி ராத்திரிதான் வேலை உச்சத்தில் இருக்கும். அம்மா ஆராதனையில் உட்கார்ந்தபடியே தூங்கி, பாட்டு நடுவில் திடுக்கிட்டு எழுந்து நிற்பாள். அதுதான் பண்டிகை என்று நினைத்து வளர்ந்தவள் நான். "இன்னும் ஒரு ஈடு சுட்டு எடுத்திரட்டுமா அத்தை?" என்று கேட்டால், "மக்களே, போய்ப் படு. அடுப்பு நாளைக்கும் இங்கதான் கெடக்கும்" என்பார்கள்.

ஒரு தடவை ஏன் இந்தச் சட்டம் என்று கேட்டேன். பத்துக் கட்டளைகளில் ஓய்வுநாள் பற்றிய நாலாம் கட்டளையைச் சொன்னார்கள். கவனித்துப் பாருங்கள், அதில் யார் யார் ஓய்ந்திருக்க வேண்டும் என்று ஒரு பட்டியலே இருக்கிறது. நீ, உன் மகன், மகள், வேலைக்காரன், வேலைக்காரி, மிருகஜீவன், வாசலுக்குள் இருக்கும் அந்நியன். மனைவியைத் தனியாகச் சொல்லவில்லை. அதைப் பிடித்துக்கொண்டு நான், "இதுல மருமக எங்க இருக்கா?" என்றேன், விளையாட்டாக. மாமியார் சிரிக்கவில்லை. "மருமக மகள்தானே. மாட்டுக்கும் கழுதைக்கும் சொன்னவரு உன்னைய விட்டிருப்பாரா?" என்றார்கள்.

பிற்பாடு நானே வாசித்தபோதுதான் ஒன்று கண்ணில் பட்டது. இந்தக் கட்டளை இரண்டு இடத்தில் வருகிறது. யாத்திராகமம் 20-ல் காரணம் படைப்பு. தேவன் ஆறு நாளில் எல்லாவற்றையும் உண்டாக்கி ஏழாம் நாள் ஓய்ந்தார் என்பது. உபாகமம் 5-ல் காரணம் வேறு. நீ எகிப்திலே அடிமையாக இருந்தாய், அதை நினைத்துக்கொள், உன் வேலைக்காரனும் வேலைக்காரியும் உன்னைப்போலவே இளைப்பாற வேண்டும் என்கிறது. அடிமைக்கு லீவு கிடையாது, விடுதலையானவனுக்குத்தான் உண்டு. அந்த லீவைத் தனக்கென்று மட்டும் எடுத்துக்கொள்ள அவனுக்கு அனுமதி இல்லை. தன் கைக்குக் கீழே இருக்கிறவர்களுக்கும் கொடுத்தாக வேண்டும். என் மாமியார் செய்தது இதைத்தான். "ஓய்வெடுத்துக்கொள்" என்று ஒரு மருமகளிடம் சொல்வது லேசு. அடுப்பை யார் அணைப்பது? அணைக்கும் அதிகாரம் மாமியார் கையில் இருந்தது. அவர்கள் அதை உபயோகித்தார்கள்.

மார்த்தாளைப் பற்றி நம் பிரசங்கங்களில் பேசுவதைக் கேட்டால் எனக்கு இன்றும் கோபம் வரும். டிசம்பரில் நிச்சயம் ஒரு பிரசங்கமாவது உண்டு. மரியாள் பாதத்தில் உட்கார்ந்தாள், மார்த்தாள் பற்பல வேலைகளில் சிக்கினாள், ஆகவே சகோதரிகளே என்று ஆரம்பிப்பார்கள். அது முடிந்ததும் பெண்கள் எழுந்துபோய் அசனத்துக்கு வெங்காயம் உரிப்பார்கள். யோவான் 12-ம் அதிகாரத்தில் பெத்தானியாவில் மறுபடி ஒரு விருந்து நடக்கிறது. அங்கேயும் மார்த்தாள் பணிவிடைதான் செய்கிறாள், அப்போது அவளை யாரும் ஒன்றும் சொல்லவில்லை. வேலை செய்தது குற்றம் என்று லூக்காவும் சொல்லவில்லை. கவலைப்பட்டுக் கலங்கியதுதான் அங்கே பேச்சு. கலக்கம் போக வேண்டுமானால் கூட ஒரு கை வேண்டும், அல்லது பந்தியில் ஒரு கறி குறைய வேண்டும்.

சபையின் பழைய நாட்காட்டி இந்த விஷயத்தில் நம்மைவிடப் புத்தியாகவே இருந்திருக்கிறது. டிசம்பர் 25-க்கு முந்திய வாரங்கள் காத்திருக்கும் காலம், கொண்டாடும் காலம் அல்ல. பக்கத்துக் கேரளத்தில் சிரியன் ஆர்த்தடாக்ஸ்காரர்கள் டிசம்பர் 1-லிருந்து 25 நாள் நோன்பு இருக்கிறார்கள். பண்டிகை 25-ல்தான் தொடங்கும், ஜனவரி 6 வரைக்கும் 12 நாள் போகும். நாம் தலைகீழாக்கிவிட்டோம். நவம்பர் கடைசியில் நட்சத்திரம் கட்டி, 24 வரைக்கும் ஓடி, 25 மத்தியானம் பிரியாணிக்குப் பிறகு ஆளுக்கொரு மூலையில் விழுந்து, 26-ம் தேதி யாருக்கும் யாரோடும் பேசத் தெம்பில்லை.

ஆங்கிலத்தில் 'பர்ன் அவுட்' என்கிறார்களே, உள்ளே எரிந்து தீர்ந்துபோவது, அந்த வார்த்தையை மருத்துவக் கட்டுரையில் கொண்டுவந்தவர்களில் முக்கியமானவர் ஹெர்பர்ட் ஃப்ராய்டன்பெர்கர் என்ற மனநல நிபுணர். 1974-ல் எழுதினார். அவர் பார்த்தது பெரிய கம்பெனி முதலாளிகளை அல்ல. இலவச மருத்துவ நிலையங்களில் பிறருக்கென்று உழைத்தவர்களை. மனப்பூர்வமாகக் கொடுக்கிறவர்கள்தான் முதலில் எரிந்து போகிறார்கள். சபை வேலையில் இதை நான் எத்தனையோ தடவை பார்த்திருக்கிறேன். சோம்பேறிக்கு இந்தச் சீக்கு வராது.

என் மருமகள் நர்ஸ். மாதத்தில் பாதி ராத்திரி டியூட்டி. இரண்டு வருஷத்துக்கு முன்னால் டிசம்பர் 23 அன்று டியூட்டி முடித்து பஸ்ஸில் நேரே இங்கே வந்தாள். வந்ததும் கையைக் கழுவிவிட்டு அச்சுமுறுக்கு அச்சை எடுத்தாள். கொஞ்ச நேரத்தில் அச்சு எண்ணெயில் நிற்க, அவள் சுவரைப் பார்த்து நிற்கிறாள். என்னம்மா என்றேன். "அத்தை, கிறிஸ்துமஸ் வந்தாலே எனக்குப் பயமா இருக்கு" என்றாள். அழவில்லை. அழுதிருந்தால்கூட எனக்கு அவ்வளவு கலக்கமாக இருந்திருக்காது.

அந்த நேரம் எனக்கு வசனம் எதுவும் வாயில் வரவில்லை, வந்தாலும் சொல்லியிருக்க மாட்டேன். எலியாவின் கதைதான் ஞாபகம் வந்தது. அவ்வளவு பெரிய தீர்க்கதரிசி, வனாந்தரத்தில் சூரைச்செடியின் கீழே உட்கார்ந்து, போதும், சாகிறேன் என்கிறான். தேவதூதன் புத்திமதி சொல்லவில்லை. விசுவாசம் எங்கே என்று கேட்கவில்லை. சுட்ட அடையும் தண்ணீரும் வைத்து, எழுந்து சாப்பிடு என்று தட்டி எழுப்புகிறான். சாப்பிட்டுவிட்டு எலியா மறுபடி படுத்துக்கொள்கிறான். அதற்கும் தடை இல்லை. இரண்டாம் தரமும் சாப்பாடு. பேச்செல்லாம் நாற்பது நாள் கழித்து ஓரேபில்தான்.

அடுப்பை அணைத்தேன். கஞ்சி சூடாக இருந்தது, கொடுத்தேன். பின் அறையில் படுக்கச் சொல்லிக் கதவைச் சாத்தினேன். இரவு எட்டு மணிக்கு எழுந்து சாப்பிட்டுவிட்டு மறுபடியும் படுத்தாள். பண்டிகை முடிந்து ஊருக்குத் திரும்பியதும் டாக்டரையும் பார்த்தாள், நானும் கூடப் போனேன். வாரக்கணக்கில் தூக்கம் போய், எதிலும் மனம் ஒட்டாமல் இருக்கிறவரிடம் "ஜெபத்தில் குறைவு" என்று சொல்கிறவர்கள் நம்மிடையே இருக்கிறார்கள். தயவுசெய்து அந்தப் பேச்சை விடுங்கள்.

இப்போது எங்கள் வீட்டில் பலகாரம் ஒன்றுதான். முந்திரிக்கொத்தை மட்டும் விடவில்லை. பாகு கிண்டுவது மகன். முதல் வருஷம் பதம் தப்பியது, உதிர்ந்ததைக் கரண்டியால் அள்ளித் தின்றோம். தட்டுகள் 24-க்குள் போவதில்லை. ஜனவரி 6 வரைக்கும் நாளுக்கு ஒரு வீடு என்று நானே நடந்துபோய்க் கொடுக்கிறேன்; போன வீட்டில் அரைமணி நேரம் உட்கார முடிகிறது. கேரல் குழுவுக்கு எங்கள் வீட்டில் ராத்திரி பத்து மணிக்குள் வந்தால்தான் சாயா என்று சொல்லியிருக்கிறேன். போன வருஷம் ஒன்பதே முக்காலுக்கு வந்துவிட்டார்கள். மூன்று நான்கு வீடுகளில் இப்போது அதே கணக்குச் சொல்கிறார்களாம், குழுவில் இருக்கும் பையன்களுக்கே அதில் சந்தோஷம்தான்.

போன 24-ம் தேதி மத்தியானம் பாடகர் குழுவிலிருந்து போன் வந்தது. மருமகள் நன்றாகப் பாடுவாள். கடைசியாக ஒரு பயிற்சி, மூன்று மணிக்கு வர முடியுமா என்று கேட்டார்கள். அவள் பின் அறையில் தூங்கிக்கொண்டிருந்தாள். காலை நாலு மணி ஆராதனைக்கு வந்துவிடுவாள், இப்போது எழுப்ப மாட்டேன் என்று சொல்லி போனை வைத்துவிட்டு நானும் போய்ப் படுத்தேன்.