பழைய கேமரா: குறையை அறிவதும் அறிவிப்பதும்

பழைய பொருளை விற்பதும் வாங்குவதும் மார்க்கத்தில் தடுக்கப்பட்டவை அல்ல. தேய்ந்த பொருளுக்கும் அதற்குரிய நியாயமான விலை உண்டு. தேய்மானத்தை மறைக்கும்போதும், அறியாத ஒன்றை அறிந்ததுபோல உறுதி கூறும்போதும்தான் வியாபாரத்தில் பரக்கத் அற்றுப்போகிறது. பொருளில் குறை வெளிப்பட்டால் வாங்கியவர் திருப்பித் தரும் உரிமையை ஃபிக்ஹு நூல்கள் 'கியாருல் ஐப்' என்று அழைக்கின்றன. பல ஆண்டுகளாக வகுப்பில் நடத்திவரும் இப்பாடத்தை, அண்மையில் ஒரு பழைய கேமரா தேடிச் சென்றபோது நேரில் கண்டோம்.

நாம் பணியாற்றும் மதரஸாவின் அலமாரிகளில் முன்னோர் விட்டுச்சென்ற அரபுத்தமிழ்க் கிதாபுகள் உள்ளன. தாள்கள் பழுத்து, புரட்டும்போதே விளிம்புகள் உதிர்கின்றன. அவை முற்றிலும் அழியுமுன் பக்கம் பக்கமாகப் படமெடுத்துப் பாதுகாக்க நிர்வாகம் முடிவு செய்தது. ஜமாஅத்தார் மனமுவந்து தந்த தொகை புதிய கேமராவுக்குப் போதவில்லை. பொதுப்பணம் அமானிதம், அதைக் கொண்டு கண்ணை மூடிக்கொண்டு பொருள் வாங்க நமக்கு உரிமை இல்லை. ஆகவே, நம்மிடம் ஓதி இப்போது புகைப்படத் தொழிலில் இருக்கும் மாணவர் ஒருவரை உடன் அழைத்துச் சென்றோம்.

வழியில் அவர் விளக்கினார். டிஎஸ்எல்ஆர் கேமராவில், ஒளியைப் பதிவு செய்யும் சென்சாருக்கு முன்னால் மெல்லிய தகடுகளாலான இரண்டு திரைகள் உள்ளன. படம் எடுக்கும்போது ஒன்று திறக்கிறது, மற்றது மூடுகிறது. இதுவே ஷட்டர். ஒவ்வொரு படத்துக்கும் அசையும் உறுப்பு என்பதால் அது தேய்கிறது. எத்தனை முறை இயக்கிச் சோதித்தோம் என்பதைத் தயாரிப்பாளர்கள் பல மாடல்களுக்கு அறிவிக்கிறார்கள். நிக்கான் டி7000, கேனான் 5டி மார்க் 2 ஆகியவற்றுக்கு அது 1,50,000. நிக்கான் டி5 போன்ற உயர்தரக் கேமராவுக்கு 4,00,000. இது ஆயுளின் எல்லைக்கோடு அன்று. சில ஷட்டர்கள் முன்பே பழுதாகும், சில இரு மடங்கும் உழைக்கும். எனினும் விலை பேச அதுவே நல்ல அளவுகோல்.

முதலில் பார்த்தது ஒரு டி7000. "பத்தாயிரம் படம்கூட எடுக்கவில்லை பாய்" என்று கூறி, திரையில் எட்டாயிரத்துச் சொச்சமாக இருந்த கோப்பு எண்ணைக் காட்டினார் விற்பவர். மாணவர் மறுத்துப் பேசவில்லை. அங்கேயே ஒரு படம் எடுத்து, மடிக்கணினியில் ஏற்றி, எக்சிஃப்டூல் என்னும் இலவச மென்பொருளால் திறந்தார். ஷட்டர் எண்ணிக்கை 1,48,000-ஐத் தாண்டியிருந்தது.

காரணம் எளிது. கோப்பு எண் 9999-ஐ எட்டியதும் மீண்டும் 0001-க்குத் திரும்பிவிடும். இடையில் நாமே அதை மாற்றியமைக்கவும் முடியும். ஆகவே அது சான்றாகாது. நிக்கான் டிஎஸ்எல்ஆர்களில் உண்மையான எண்ணிக்கை படத்தின் உள்விவரத்திலேயே பதிவாகிறது. பல கேனான் மாடல்களில் அவ்வாறு பதிவாவதில்லை. கேமராவைக் கம்பி வழியே கணினியுடன் இணைத்துத் தனி மென்பொருளால்தான் பார்க்க வேண்டும். வாட்ஸ்அப்பில் படமாக அனுப்பினால் இவ்விவரங்கள் அழிந்துவிடும் என்பதால், கண்ணெதிரே எடுத்த மூலப் படத்தையே சோதிக்க வேண்டும்.

விற்பவர் முகம் வாடிற்று. "ஹஜ்ரத், நானும் இதை நம்பித்தான் வாங்கினேன்" என்றார். அவர் சொன்னதை நாம் நம்புகிறோம். நல்லெண்ணம் கொள்வது நம் கடமை. ஆனால் ஒருவர் மறைத்த குறை அறியாதவர் கை மாறி, நம் ஜமாஅத்தின் பணத்தை நோக்கி வந்துகொண்டிருந்தது. "இதுவரை நீங்கள் அறியாதவர். இனி வாங்க வருபவரிடம் சொல்லாதிருந்தால் மறைத்தவர் ஆவீர்கள்" என்று மென்மையாகக் கூறினோம். சற்று நேரம் மௌனமாக இருந்தவர், விலையைக் குறைத்து, எண்ணிக்கையையும் சொல்லியே விற்பதாகக் கூறினார்.

மதீனாவின் கடைவீதியில் நபி (ஸல்) அவர்கள் தானியக் குவியலுக்குள் கையை நுழைத்து, உள்ளே இருந்த ஈரத்தைக் கண்டு, மக்கள் பார்க்கும்படி அதை மேலே வைத்திருக்கக் கூடாதா என்று வணிகரைக் கேட்ட செய்தியை நாம் அறிவோம். ஸஹீஹ் முஸ்லிமில் அது பதிவாகியுள்ளது. அச்செய்தியில் விற்பவருக்கு எச்சரிக்கை இருப்பதைப் போலவே, வாங்குபவருக்கு வழிகாட்டலும் இருக்கிறது. குவியலுக்குள் கையிட்டுப் பார்ப்பது அவநம்பிக்கையன்று. கேமராவைக் கணினியில் இணைத்துப் பார்ப்பதும் அத்தகையதே.

இரண்டாமவர் திருமண வீடுகளில் படமெடுப்பவர். நாம் கேட்குமுன்பே, 62,000 முறை இயங்கியது, பிடிப்பகுதியின் ரப்பர் கழன்றிருக்கிறது என்று சொன்னார். மாணவர் அதையும் சோதிக்கத் தவறவில்லை. வெள்ளைச் சுவரை 1/8000 நொடி வேகத்தில் படமெடுத்தார். ஷட்டர் திரைகள் சீராக ஓடாவிட்டால் படத்தின் ஒரு பகுதி கருத்துத் தெரியுமாம். அப்படி ஏதும் இல்லை. மூடியிட்டு எடுத்த படத்தில் ஒளிரும் புள்ளிகளைத் தேடினார். திரைத் தகடுகளை விரலால் மட்டும் தொடவே கூடாது என்றார்.

தேவையோடு பொருத்திப் பார்ப்பதும் அவசியம். 300 பக்கக் கிதாபை விரித்து எடுத்தால் 150 படங்கள்; 60 கிதாபுகளுக்கு 9,000. நமக்கு 62,000 இயங்கிய கேமரா போதுமானது. ஒரே நாளில் ஆயிரத்துக்கும் மேல் படமெடுக்கும் திருமணப் புகைப்படக்காரர் வேறு கணக்குப் போட வேண்டும். உம்மாவின் நகையை அடகுவைத்துத் தொழில் தொடங்கும் பிள்ளைகள் இதை மறக்கலாகாது.

இரண்டாவது கேமராவையே வாங்கினோம். ரப்பரை ஒட்டிக்கொண்டோம். கேட்குமுன் குறையைச் சொன்னவரிடம் பேரம் பேச நமக்கு நா எழவில்லை.

கைப்பேசி, இருசக்கர வாகனம், தையல் இயந்திரம் என எதுவாயினும் விற்குமுன் அதன் நிலையை நாமே சோதித்தறிந்து சொல்வோம்; வாங்குமுன் கூச்சமின்றிச் சோதிப்போம். ஹலாலான கொடுக்கல் வாங்கலில் நம் அனைவரையும் வல்ல அல்லாஹ் நிலைபெறச் செய்வானாக! ஆமீன்.