செண்பகனூரில் ஒரு நாள்

வத்தலக்குண்டைக் கடந்து பேருந்து மலையேறத் தொடங்கியது. கொடைக்கானலுக்குச் சற்றுக் கீழே, 1863இல் உருவாக்கப்பட்ட ஏரியின் மிகைநீர் ஏறக்குறைய 180 அடி உயரத்தினின்று வெள்ளியருவியாய் வீழ்கின்றது. அதைக் கண்டதும் வீடு வந்துவிட்டதென்று சிறுவயதில் துள்ளுவேன். இம்முறையோ நெஞ்சு கனத்தது.

இயேசு சபையார் 1895இல் நிறுவிய திரு இருதயக் கல்லூரி இன்றும் செண்பகனூரில் நிமிர்ந்து நிற்கின்றது. அதன் மணியோசைதான் அன்று எங்கள் வீட்டுக் கடிகாரம்.

2020ஆம் ஆண்டின் ஊரடங்கில் அன்னை இறைவனடி சேர்ந்தபோது என்னால் வர இயலவில்லை. எத்தனையோ பேரை நல்லடக்கம் செய்த இக்கைகள், பெற்றவளுக்கு ஒரு பிடி மண் இடவில்லை.

பூண்டுப் பாத்தியில் களையெடுத்துக்கொண்டிருந்த அண்ணன் நிமிர்ந்து பார்த்தார். "இப்போதுதான் வழி தெரிந்ததா, தம்பி?" என்றார். பின்னர் எதுவும் பேசாமல் கல்லறைக்கு அழைத்துச் சென்றார்.

அங்கே என் பள்ளித் தோழன் புல் அகற்றிக்கொண்டிருந்தான். அவன் நம் மறையைச் சார்ந்தவன் அல்லன். ஊரார் அஞ்சி விலகிய அந்நாளில் அன்னையின் பெட்டிக்குத் தோள் கொடுத்தவன் அவனே என்று அண்ணன் கூறினார். நன்றி சொல்ல எனக்கு நா எழவில்லை.

"எனக்கும் சோறு போட்ட அம்மாதானே, சாமி" என்றான், ஒரு காலத்தில் என்னை 'டா' என்றழைத்தவன்.

செபித்து முடித்து, நானும் அவனருகே அமர்ந்து புல் பிடுங்கினேன். அண்ணனின் கை என் தோள்மீது மெல்லப் படிந்தது.

ஆண்டவரின் சிலுவையைச் சுமந்த சீமோனும் வயலிலிருந்து வந்த வழிப்போக்கனே. அன்பர்களே, நாம் வர இயலாத இடத்தில் நமக்காகத் தோள் கொடுத்தவர் எவர் என்று தேடிச் சென்று கண்டுவாருங்கள்.