கிதாருக்குக் காடி எடுத்த கதை

கிதாரின் உடம்பைச் சுற்றி ஓரத்தில் மெல்லிய பட்டை ஒன்று ஓடுவதைப் பார்த்திருப்பீர்கள். அதற்கு பைண்டிங் என்று பெயர். அழகுக்கு என்பது பாதி உண்மைதான். முன்பலகையில் நார் நீளவாக்கில் ஓடும். தலையிலும் அடியிலும் அதன் வெட்டுமுகம் திறந்து கிடக்கும். ஈரம் அந்த வழியாகத்தான் வேகமாக ஏறும். ஐப்பசி மழையில் ஊறி சித்திரை வெயிலில் காய்ந்தால், வெடிப்பு விளிம்பிலிருந்து கிளம்பும். அந்த வாயைப் பட்டை அடைக்கிறது.

பட்டை உட்கார, விளிம்பைச் சுற்றிப் படிபோல் ஒரு காடி எடுக்க வேண்டும். பெட்டியை முழுக்க ஒட்டி மூடிய பிறகுதான் அதை எடுக்க முடியும். வம்பே அங்கேதான்.

எங்கள் வீட்டில் பாலிடெக்னிக் படியேறிய முதல் ஆள் நான். அப்பாவுக்குத் தச்சு வேலை. "டிப்ளமோ படிக்கப் போட்டா பாட்டுப் பெட்டி செய்றியாடா?" என்று கேட்டாரே தவிர, கதவு வேலையில் மிஞ்சிய தேக்கை 2 மி.மீ.க்கு அவரேதான் இழைத்துக் கொடுத்தார். சூடான இரும்புக் குழாயில் வளைத்து அதைப் பக்கப் பலகை ஆக்கினோம். முன்பலகை பேக்கிங் பெட்டி பைன். ஒரு பெட்டி முழுக்கப் பிரித்ததில் நார் நேராக ஓடிய பலகை இரண்டுதான் தேறியது. பட்டை, பழைய கட்டில் காலிலிருந்து அறுத்த ஈட்டி மரம்: கனம் 1.5 மி.மீ., உயரம் 6 மி.மீ. இப்போது கணக்குப் போடுங்கள். 2-ல் 1.5 போனால் பக்கச் சுவரில் மிச்சம் அரை மில்லிமீட்டர்! உள்ளே ஒட்டிய கட்டைப் பட்டைதான் தாங்க வேண்டும். கத்தி ஒருமுறை வழுக்கினால் மூன்று மாத ஞாயிற்றுக்கிழமைகள் அடுப்புக்குத்தான்.

பக்கத்துப் பட்டறையில் ரூட்டர் தருகிறேன் என்றார்கள். நிமிடத்துக்கு 20,000 சுற்றுக்கு மேல் சுழலும் மெஷின். ஆனால் கிதாரின் முதுகு தட்டையில்லை, லேசாகப் புடைத்திருக்கும். ரூட்டரின் அடித்தட்டு அதன்மேல் சாய்ந்தால் காடியும் சாயும். பக்கப் பலகையைத்தான் ஆதாரமாகப் பிடிக்க வேண்டும். ரெஃபரன்ஸ் சர்ஃபேஸ் என்று மெட்ராலஜி பேப்பரில் எழுதி மார்க் வாங்குகிறோமே, அதேதான். ஆகவே மார்க்கிங் கேஜ் மாதிரி ஒன்றை நாங்களே செய்தோம். முள்ளுக்குப் பதில் ஹேக்ஸா பிளேடைத் தீட்டிய கத்தி. தடுப்புக் கட்டை தட்டையாக இருந்தால் இடுப்பின் உள்வளைவில் இரண்டு மூலையும் இடிக்கும், அளவு மாறும். அதனால் அதன் முகத்தை உருண்டையாகச் சீவினோம்.

என் ட்ராயிங்கை அப்பா அதுவரை தொட்டதில்லை. அன்று காதில் செருகியிருந்த பென்சிலை எடுத்து அதன்மேலேயே அம்புக்குறி போட்டார். "அகலத்திலேர்ந்து குறுகலுக்குத்தான் இழுக்கணும். திருப்பி இழுத்தா நாரு கத்தியை உள்ளே கூட்டிட்டுப் போயிடும்." வயிற்றிலிருந்து இடுப்புக்கு, வயிற்றிலிருந்து அடிக்கு, தோளிலிருந்து இடுப்புக்கு, தோளிலிருந்து கழுத்துக்கு. இரண்டு பக்கமும் சேர்த்து எட்டு அம்பு. இந்தத் திசையில் போனால் நார் கத்தியை வெளியே, கழிக்கப்போகும் பக்கமே தள்ளுகிறது. அந்த அம்புகளுக்கு மேல் நான் இங்க் ஏற்றிவிட்டேன்.

ஒரே இழுப்பில் வெட்டுவதில்லை. மேலே ஒரு கோடு, பக்கத்தில் ஒரு கோடு, ஒவ்வொன்றிலும் ஏழெட்டு முறை லேசாக. பிறகு உளியால் சீவி எடுப்பது. அப்பா நகத்தை ஓட்டிப் பார்த்து, "இங்க ஒரு இழை பத்தலை" என்றார். வெர்னியரை வைத்தேன். 1.40 காட்டியது!

ஈட்டிப் பட்டையை ஃபெவிகால் தடவி உட்கார வைத்து, நீளமாகக் கிழித்த சைக்கிள் ட்யூபால் பெட்டி முழுக்க இறுக்கிச் சுற்றினோம். பார்க்க மாவுக்கட்டு போட்ட ஆள் மாதிரி இரண்டு நாள் கூடத்தில் கிடந்தது. அம்மா யார் வந்தாலும் கூட்டிப் போய்க் காட்டினார்.

முன்பக்கம் முழுக்க அப்பா கை. பின்பக்கத்துக்கு, "நீ இழுடா, நான் பெட்டியைப் பிடிச்சுக்கிறேன்" என்கிறார். பின்பலகைத் தேக்கில் நாரோட்டம் இரண்டு இடத்தில் திரும்புகிறது. அங்கே அம்புக்குறியை வேறு மாதிரி போட வேண்டும். பென்சில் இப்போது என்னிடம் இருக்கிறது.