கறுப்பின்மேல் கறுப்பு

நண்பர் ஒருவரின் கவிதைகளைப் பற்றி எழுதிய கட்டுரையில் அரைப் பக்கத்தைச் சென்ற மாதம் திரும்பப் பெற வேண்டியதாயிற்று. காரணம் இலக்கியம் சார்ந்தது அல்ல. முதலில் அப்படித்தான் நினைத்தேன்.

நண்பர் இப்போது இல்லை. அவர் மனைவி ஒரு பென் டிரைவில் கவிதைகளைக் கொடுத்தார்கள். திருப்தி இல்லாத வரியின் முன் நட்சத்திரக் குறி போடுவது அவர் வழக்கம். அவரிடமிருந்து அது எனக்கும் தொற்றியிருந்தது. அந்த மாதிரி பிரதிகளைப் படிக்க முன்பே சின்ன நிரல் ஒன்று எழுதி வைத்திருந்தேன். நட்சத்திரத்தை நீக்கிவிட்டு, சந்தேக வரிகளைக் கறுப்பிலும் மற்றவற்றைச் சாம்பல் நிறத்திலும் காட்டும். கண் கறுப்பில் போய் நிற்க வேண்டும் என்பது ஏற்பாடு. என் டெர்மினல் காகிதம் மாதிரி வெள்ளை.

பகலெல்லாம் கவுண்டரில் திரையைப் பார்த்துவிட்டுப் பெரும்பாக்கம் வந்து சேர இரவு எட்டாகிவிடுகிறது. கண் கூசுகிறதென்று விம் எடிட்டரை இருண்ட பின்னணிக்கு மாற்றினேன். 2018இல் வந்த 8.1 பதிப்பிலிருந்து விம்முக்குள்ளேயே ஒரு டெர்மினலைத் திறந்துகொள்ளலாம். கவிதைகளை அதில்தான் படித்தேன். இரண்டு மூன்று வரிகள், பிறகு வெற்றிடம், மறுபடி ஒரு வரி. அந்த வெற்றிடங்கள் என்னை உலுக்கின. சொல்லாமல் விடுவதில் அவர் கடைசியில் தேர்ந்துவிட்டார் என்று அரைப் பக்கம் எழுதினேன். 'மௌனம்' என்ற சொல் அதில் நான்கு இடத்தில் வருகிறது.

கட்டுரையை அனுப்பிய பிறகு, மேற்கோளைச் சரிபார்க்க ஒரு கவிதையைத் திரையில் தேர்ந்தெடுத்தேன். தேர்ந்த பகுதி வெளிறியது. வெற்றிடத்திலிருந்து எழுத்துகள் எழுந்து வந்தன.

எழுத்துருவைச் சந்தேகித்தேன். டெர்மினல் வகையை மாற்றிப் பார்த்தேன். ஒன்றும் நடக்கவில்லை. நிரலை வெளி டெர்மினலில் ஓட்டியதும் எல்லா வரிகளும் இருந்தன. ஆக, பிழை வரிகளில் இல்லை, அவை விழுகிற தரையில்.

இந்த நிறக் குறிகள் எக்மா-48 என்ற தரநிலையைச் சேர்ந்தவை. 30 முதல் 37 வரை எழுத்தின் நிறம், 40 முதல் 47 வரை பின்னணி. 39ம் 49ம் விசித்திரமானவை: எந்த நிறத்தையும் சொல்லாமல், 'உன் வழக்கம் எதுவோ அது' என்று மட்டும் சொல்லும். என் நிரல் 30 என்று கறுப்பைச் சொன்னது, பின்னணி பற்றி வாய் திறக்கவில்லை. வெள்ளை என்பது என் நினைப்பு. உள் டெர்மினலோ தன் பின்னணியை விம்மிடமிருந்து எடுத்துக்கொள்கிறது. (நம் விமர்சனத்தில் 'இருண்மை' என்று தாராளமாகச் சொல்லி வந்திருக்கிறோமே, அதில் எத்தனை இந்த வகை என்று யோசிக்கிறேன்.)

பெரும்பாக்கம் சதுப்பில் பொழுது சாய்ந்தபின் நாமக்கோழிகளைப் பார்த்திருக்கிறேன். உடலும் நீரும் ஒரே கறுப்பு. நெற்றியின் வெள்ளை மட்டும் மிதக்கும். அங்கே பறவை இல்லை என்று நான் எழுதியதில்லை.

விம்மில் 'டெர்மினல்' என்ற பெயரிலேயே ஒரு நிறக்குழு உண்டு. அதற்கு வெளிர் பின்னணி கொடுத்தால் உள் ஜன்னல் வெளுத்துவிடும். கொடுத்தேன், பிறகு எடுத்துவிட்டேன். அது என் ஒரு திரைக்கு மட்டுமான மருந்து. எழுத்து நிறத்தைச் சொன்னால் பின்னணியையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். இல்லையென்றால் இரண்டையும் விட்டு, இருக்கிற நிறங்களையே தலைகீழாக்கும் 7ஆம் குறியைப் போட வேண்டும். நிரலில் 7ஐப் போட்டேன். இப்போது எந்தத் தரையிலும் தெரிகிறது.

மறைந்திருந்தவை பதினொரு வரிகள். நான்கு நிஜமாகவே மோசம், அவர் சந்தேகித்தது சரி. மற்றவற்றில் மௌனம் ஏதும் இல்லை. ஆஸ்பத்திரி வரிசை, மகளின் பள்ளிக் கட்டணம், என்மேல் ஒரு கோபம். நான் புகழ்ந்தது வேறு யாரையோ.

பத்திரிகை ஆசிரியரிடம் சொல்லி அரைப் பக்கத்தை எடுத்தாயிற்று. பதினொரு வரிகளையும் நட்சத்திரக் குறிகளோடு அப்படியே அச்சிடக் கேட்டிருக்கிறேன். அவர் மனைவியிடம் இன்னும் பேசவில்லை.