பிரித்துப் போட்ட பாய்

ஓய்வு பெற்றவர்களிடம் எல்லோரும் தன்மையாகப் பேசுகிறார்கள். 'நீங்க இருங்க, நான் எடுத்துட்டு வரேன்', 'இந்த வயசுல உங்களுக்கு எதுக்குச் சிரமம்?' பேத்தியிலிருந்து மளிகைக் கடைக்காரர் வரை இதே பாட்டுதான். செய்தது சரியில்லை என்று முகத்துக்கு நேரே சொல்ல ஆளே இல்லாமல் போய்விடுகிறது. எனக்குப் பத்தமடையில் ஒருத்தி கிடைத்தாள்.

2020 ஜனவரி 31 அன்று பி.எஸ்.என்.எல்.லில் விருப்ப ஓய்வு வாங்கிக்கொண்டு வெளியே வந்த 78,000-க்கும் மேற்பட்டோரில் நானும் ஒருத்தி. வேலைக்குச் சேர்ந்தபோது டிரங்க் எக்ஸ்சேஞ்ச் ஆபரேட்டர். சாதா அழைப்பா, அர்ஜென்ட்டா, லைட்னிங்கா என்று கேட்டு ஜாம்ஷெட்பூரையும் ஷில்லாங்கையும் பேச வைத்திருக்கிறேன். அந்த ஊர்களைப் பார்த்ததில்லை. ஓய்வுக்குப் பிறகு காசி, கயா என்று டூர் போய் வந்தேன். பார்த்தோம், திரும்பினோம், அவ்வளவுதான். 2021-ல் டவுன் பஸ்ஸில் பெண்களுக்குக் கட்டணம் இல்லை என்று ஆனதும், திருநெல்வேலியைச் சுற்றி மனம்போல ஏறி இறங்கப் பழகினேன். அப்படி இறங்கிய ஊர்தான் பத்தமடை.

சுவாமி சிவானந்தர் பிறந்த ஊர். 1953-ல் எலிசபெத் ராணியின் முடிசூட்டு விழாவுக்கு இங்கிருந்து பாய் போனதாக இன்றும் பெருமையாகச் சொல்வார்கள். நெய்கிறவர்கள் பெரும்பாலும் முஸ்லிம் பெண்கள். அவர்களில் எனக்குப் பாய் நெய்யக் கற்றுத்தருபவளைத் தெருவே 'லாத்தா' (அக்கா) என்கிறது. என்னைவிட வயதில் சின்னவள்தான். நானும் அப்படியே கூப்பிடுகிறேன்.

தாமிரபரணிக் கரையில் விளையும் கோரையை அறுத்து, கிழித்து, காயவைத்து, ஓடுகிற தண்ணீரில் நாள்கணக்கில் ஊறப்போட்டு, மறுபடி காயவைத்து, சாயம் ஏற்றியபிறகே அது தறிக்கு வருகிறது. தறி தரையோடு தரை. மூங்கில்களுக்கு நடுவே பாவு நூலை இழுத்துக் கட்டியிருக்கும். அதன்மேல் பலகை போட்டுக் குத்துக்காலிட்டு உட்கார வேண்டும். முதல் வாரமே என் முட்டி நோட்டீஸ் கொடுத்துவிட்டது. லாத்தா இரக்கமெல்லாம் படவில்லை. பலகையின் இரண்டு முனைக்கும் செங்கல் கொடுத்து உயர்த்தினாள். "இப்ப உக்காருங்கக்கா."

குச்சியின் நுனியில் கோரையை மாட்டிப் பாவுக்குள் தள்ளி, அச்சை இழுத்து இறுக்க வேண்டும். கோரை அடியில் தடிப்பு, நுனியில் மெலிவு. ஒரு வரிசையில் அடிப்பக்கம் இடது கைக்கு வந்தால் அடுத்ததில் வலது கைக்கு வர வேண்டும். இல்லாவிட்டால் பாய் ஒரு பக்கமாக இழுத்துக்கொண்டு போகும். விளிம்பில் முனையை மடக்கிச் சொருகுவது தனி வித்தை. என் விரல் அதற்கு இன்னும் வளைந்துகொடுக்கவில்லை. ஆனால் காது கைகொடுத்தது. இறுக்கம் சரியாக இருந்தால் அச்சு ஒரு விதமாகச் சத்தம் போடும், தளர்ந்தால் வேறு விதம். ஹெட்செட்டில் இரைச்சலுக்கு நடுவே குரல் பிரித்துப் பழகிய காதுக்கு அது சட்டென்று பிடிபட்டது. லாத்தாவும் அடுப்படியில் இருந்தபடியே கேட்டுக்கொண்டிருப்பாள்.

வந்து பார்ப்பாள். "இது வேண்டாங்கா" என்று நகத்தால் நெம்பி, வரிசை வரிசையாகப் பிரித்துப் போடுவாள். மன்னிப்பு, சமாதானம் எதுவும் கிடையாது. முறிந்த கோரை மறுபடி உதவாது. அதன் விலையைக் கணக்குப் பார்த்து என்னிடம் வாங்கிக்கொள்வாள். திரும்புகிற பஸ்ஸில் எரிச்சலாகத்தான் இருக்கும். வேலையில் இருந்த காலத்து எரிச்சல் அது. அதை மறந்தே போயிருந்தேன்.

இத்தனை பாடு எதற்கு, பிளாஸ்டிக் பாய் மலிவு, கழுவித் துடைக்கலாம் என்கிறார்கள். சித்திரை மாதத்தில் வெறும் முதுகோடு அதில் படுத்து எழுந்தவர்களைக் கேட்டுப் பார்க்கலாம்.

கல்யாணப் பாயில் மாப்பிள்ளை, பெண் பெயரையே நெய்து தருகிறார்கள். அதைத் தொட எனக்கு அனுமதி இல்லை. "பேரெல்லாம் அப்புறம். முதல்ல கிழிக்கப் படிங்க" என்கிறாள் லாத்தா. பட்டுப் பாய் என்கிற மெல்லிய ரகத்துக்கு ஒரே தண்டைக் கத்தியால் மெல்லிய இழைகளாகக் கிழிக்க வேண்டும். அதற்குக் கண் வேண்டும். எனக்கு வலக்கண்ணில் புரை. அறுவைக்கு டாக்டர் நாள் குறித்துவிட்டார். மகன் பெங்களூரிலிருந்து தினமும் கூப்பிட்டு, இனி பத்தமடை வேண்டாமே என்கிறான்.

லாத்தாவிடம் சொன்னேன். "எத்தனை நாள் வர மாட்டீங்க?" என்று மட்டும் கேட்டாள்.